கிஃப்ட்: பரிசும் நஞ்சும் திருமணமும் ஆன ஓர் ஐரோப்பியச் சொல்

கிஃப்ட் என்பது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பல ஐரோப்பிய மொழிகளில் ஒரே எழுத்துக்கூட்டலுடன் வழங்கும் ஒரு சிறு சொல் ஆகும். இலத்தீன் எழுத்தில் நான்கே எழுத்துகள். ஆங்கிலத்தில் இதன் பொருள் பரிசு. ஜெர்மன் மொழியில் நஞ்சு. சுவீடியம், டேனியம், நார்வீஜியம் ஆகிய மூன்றிலும் இச்சொல் நஞ்சையும் குறிக்கும், திருமணமானவரையும் குறிக்கும். டச்சு மொழியில் நன்கொடை, நஞ்சு என்ற இரண்டு பொருளும் உண்டு. ஐஸ்லாந்திய மொழியிலோ இது மணமான பெண்ணைக் குறிக்கும். நஞ்சோடு அதற்குத் தொடர்பே இல்லை.

ஆங்கிலம் வழியாகத் தமிழர்க்கும் இச்சொல் பழகிவிட்டது. பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் "கிஃப்ட்" வாங்கக் கடைக்குப் போவது இன்று எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனிக்கோ சுவீடனுக்கோ படிக்கச் செல்லும் மாணவர், புட்டி ஒன்றின் மேல் இதே எழுத்துகளைக் கண்டால் திகைப்பார். இப்படி உருவில் ஒத்தும் பொருளில் வேறுபட்டும் நிற்கும் சொற்களை மொழியாசிரியர்கள் "போலி நண்பர்கள்" என்பர். 1928ஆம் ஆண்டு பிரான்சில் வெளிவந்த, ஆங்கிலச் சொற்களின் ஏமாற்றுகளைப் பற்றிய நூல் ஒன்றின் தலைப்பிலிருந்து பரவிய பெயர் இது.

ஆனால் போலி நண்பர்களில் இரண்டு வகை உண்டு. சில சொற்கள் தற்செயலாக ஒத்திருப்பவை. அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. கிஃப்ட் அப்படிப்பட்டதன்று. மேலே சொன்ன அத்தனை பொருள்களும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள். பரிசு எப்படி நஞ்சானது, நஞ்சின் பெயர் எப்படித் திருமணத்தோடு சேர்ந்தது என்பதற்கு வரலாற்றில் தெளிவான விடை உண்டு.

வேர்ச்சொல்

எல்லாவற்றுக்கும் அடிப்படை "கொடுத்தல்" என்னும் வினை. ஆங்கிலத்தில் கிவ், ஜெர்மனில் கேபென், டச்சில் ஹேவென் (தொண்டையில் உரசி வரும் ஒலி), சுவீடியத்தில் யே அல்லது யீவா என்று வழங்கும் வினைகள் யாவும் உறவுடையவை. இவ்வினையோடு "த்" என்ற விகுதி சேர்ந்து பெயர்ச்சொல் ஆகும்போது, அதற்கு முன் நிற்கும் மெய்யொலி "ஃப்" ஆக மாறிவிடும். ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் இதே மாற்றத்தை வேறு சொற்களிலும் காணலாம். டிரைவ் (ஓட்டு) என்பதிலிருந்து டிரிஃப்ட் (அடித்துச் செல்லப்படுதல்), திரைவ் (செழித்து வளர்) என்பதிலிருந்து திரிஃப்ட் (சிக்கனம்) என்று வருவது போலவே, கிவ் என்பதன் இனத்திலிருந்து கிஃப்ட் வருகிறது. ஆகவே இச்சொல்லின் நேர்ப்பொருள் "கொடை" என்பதுதான். எதைக் கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல் தானாகச் சொல்வதில்லை.

இலத்தீனில் "வைத்திருத்தல்" என்று பொருள்படும் ஹபேரே என்ற வினையும் இதே வேரைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பழைய ஐரிய மொழியில் இவ்வேரிலிருந்து பிறந்த வினைக்கு "எடுத்தல், பற்றுதல்" என்று பொருள். கொடுப்பதும் கொள்வதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்று அந்தக் காலத்தினர் கருதினார்கள் போலும்.

ஆங்கிலம்: மணப்பெண்ணின் விலை

இன்றைய ஆங்கிலத்தில் கிஃப்ட் என்றால் பரிசு, அல்லது இயல்பாக அமைந்த திறமை. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கில நூல்களில் இச்சொல் சாதாரணப் பரிசைக் குறிக்கவில்லை. மணமகன் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் பொருளை, அதாவது பெண்ணுக்கான விலையை அது குறித்தது. பன்மையில் திருமணம் என்றே பொருள். 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் நாட்டை ஆளத் தொடங்கிய ஈனி என்னும் மன்னனின் சட்டத் தொகுப்பில், ஒருவன் பெண்ணுக்கு விலை பேசிய பிறகு திருமணம் நடவாமற் போனால் பணத்தை எவ்வாறு திருப்பித் தர வேண்டும் என்ற விதி உண்டு. அங்கே திருமணத்துக்கு ஆளப்பட்ட சொல் இதுதான்.

அப்படியானால் அக்காலத்தில் பரிசுக்கு என்ன பெயர்? இதே வினையிலிருந்து பிறந்த வேறொரு சொல் இருந்தது: யிஃபு. 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியாப் பகுதியில் வாழ்ந்த, கொடையாளி என்று புகழ்பெற்ற பெருமாட்டி கொடைவா என்பவரின் பெயர் இதற்கு நல்ல சான்று. கோட்யிஃபு என்ற ஆங்கிலப் பெயரின் இலத்தீன் வடிவமே கொடைவா; அதன் பொருள் "கடவுளின் கொடை".

இங்கே ஓர் ஒலிச்செய்தியும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதல் எழுத்து "யி" என்றே ஒலித்தது. 14ஆம் நூற்றாண்டில் லண்டனில் எழுதிய சாசரின் மொழியிலும் "யி" ஒலியுடைய வடிவங்கள் உண்டு. "கி" என்னும் ஒலியும் பரிசு என்னும் பொதுப்பொருளும் ஆங்கிலத்துக்கு வந்தது ஸ்காண்டிநேவியரிடமிருந்து. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழி, முட்டை, வானம், எடுத்தல் போன்ற அன்றாடச் சொற்களையே ஆங்கிலத்துக்குத் தந்துவிட்டது. கணவனைக் குறிக்கும் ஹஸ்பண்ட் என்ற சொல்லும் அவர்களுடையதுதான். அந்த வரிசையில் கிஃப்டும் புதிய உருவம் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயருக்குக் "கி" ஒலியைக் கொடுத்தவர்களின் வழிவந்த சுவீடியரும் நார்வேயினரும் பிற்காலத்தில் அதை "யி" என்று மாற்றிக்கொண்டு, இன்று யிஃப்ட் என்கின்றனர்.

ஜெர்மன்: மருத்துவர் கொடுத்த அளவு

ஜெர்மன் மொழியிலும் இச்சொல் முதலில் கொடை என்றே பொருள்பட்டது. அந்தப் பொருள் இன்றும் ஒரே ஒரு கூட்டுச்சொல்லில் உயிரோடிருக்கிறது. மிட்கிஃப்ட் என்றால் பெண்ணோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது, அதாவது சீதனம். மிட் என்றால் "உடன்". ஜெர்மன் பெயர்ச்சொற்களுக்கு இலக்கணப் பால் உண்டு. சீதனம் என்னும் மிட்கிஃப்ட் பெண்பால். நஞ்சு என்னும் கிஃப்ட் அஃறிணைப்பால். முன்பு தனிச்சொல்லும் பெண்பாலாகவே இருந்தது; நஞ்சு என்னும் பொருள் நிலைபெற்ற பிறகு பால் மாறியது. கூட்டுச்சொல் மட்டும் பழைய பாலையும் பழைய பொருளையும் விடாமல் வைத்துக்கொண்டது.

கொடை நஞ்சானதற்குக் காரணம் மருத்துவம். கிரேக்க மொழியில் டோசிஸ் என்றால் "கொடுத்தல்". கிரேக்க மருத்துவர்கள் நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை இச்சொல்லால் குறித்தனர். அது இலத்தீன் மருத்துவ நூல்களுக்குள் அப்படியே புகுந்தது. தமிழர்கள் இரண்டு டோஸ் தடுப்பூசி என்று சொல்வதும், வீட்டில் பெரியவர்கள் திட்டினால் "நல்ல டோஸ் கிடைத்தது" என்பதும் இந்தக் கிரேக்கச் சொல்லின் பேரப்பிள்ளைகள்தான். இலத்தீன் நூல்களைத் தம் மொழியில் பெயர்த்த இடைக்கால ஜெர்மானியர், டோசிஸ் என்பதற்கு நேராக "கொடை" என்னும் தம் சொல்லையே இட்டனர். மருத்துவர் கொடுக்கும் ஒரு வேளை மருந்து கிஃப்ட் ஆயிற்று. பிறகு, கொல்வதற்காகக் கொடுக்கப்படும் ஒரு வேளைப் பொருளும் கிஃப்ட் ஆயிற்று.

இதில் இடக்கரடக்கலும் இருக்கிறது. அச்சம் தரும் பொருளை அதன் நேர்ப்பெயரால் சொல்லத் தயங்கி, மென்மையான வேறொரு பெயரால் சுட்டுவது எல்லா மொழிகளிலும் உள்ள இயல்பு. தமிழில் எலியைக் கொல்லும் நஞ்சை எலிமருந்து என்றும், பயிரிலுள்ள புழுவைக் கொல்வதைப் பூச்சிமருந்து என்றும்தான் சொல்கிறார்கள். எலிக்கு அது எந்த வகையில் மருந்து என்று யாரும் கேட்பதில்லை. கிரேக்கத்தில் ஃபார்மகான் என்ற ஒரே சொல் மருந்தையும் நஞ்சையும் குறித்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நஞ்சைக் குறிக்கும் சொற்கள் (பிரெஞ்சில் புவாசோன், ஆங்கிலத்தில் பாய்சன்) இலத்தீனின் போத்தியோ என்பதிலிருந்து வந்தவை. போத்தியோ என்றால் வெறுமனே "குடிப்பது, பானம்" என்றுதான் பொருள். "குடிக்கக் கொடுத்தது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், கேட்பவர் மீதியைப் புரிந்துகொள்வார். நஞ்சுக்கு எதிராகத் தரப்படும் முறிமருந்துக்கு ஐரோப்பிய மொழிகள் ஆளும் ஆண்டிடோட் என்னும் சொல்லும் கிரேக்கத்தில் "எதிராகக் கொடுக்கப்பட்டது" என்றே பொருள்படும்.

இந்த இரட்டைப் பொருளை எண்ணும்போது சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ் நினைவுக்கு வருவார். நச்சுப்பொருள்களை மருந்தாகக் கொடுக்கிறார் என்று தம்மைக் குற்றம் சாட்டியவர்களுக்கு விடையாக 1538இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதினார். எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, ஒரு பொருள் நஞ்சாகாமல் இருப்பது அதன் அளவால்தான் என்பது அவர் வாதம். நச்சியல் என்னும் அறிவியல் துறைக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது இக்கருத்தே. அதில் அவர் நஞ்சு என்பதற்குக் கிஃப்ட் என்றும், அளவு என்பதற்கு டோசிஸ் என்றும் எழுதினார். ஒன்று ஜெர்மானியச் சொல், மற்றொன்று கிரேக்கச் சொல். இரண்டின் மூலப்பொருளும் "கொடுத்தல்" ஒன்றே. ஒன்றின் மொழிபெயர்ப்பாகப் பிறந்த சொல், சில நூற்றாண்டுகளுக்குள் அதற்கு எதிராக நிறுத்தப்படும் அளவுக்கு விலகிப் போய்விட்டது.

கிஃப்ட் நஞ்சானபோது, முன்பு நஞ்சைக் குறித்த சொல் என்ன ஆயிற்று? பழைய ஜெர்மனில் அது எய்ட்டர். இடம் பறிபோன அச்சொல் இன்றைய ஜெர்மனில் புண்ணில் வரும் சீழைக் குறிக்கிறது. அதன் உறவுச்சொல் பழைய ஆங்கிலத்தில் ஆட்டர் என்று இருந்தது. சிலந்தியை ஆட்டர்கொப்பெ, அதாவது "நச்சுத்தலை" என்று அழைத்தார்கள். இன்றைய ஆங்கிலத்தில் சிலந்திவலையைக் குறிக்கும் காப்வெப் என்ற சொல்லின் முற்பகுதி அந்தக் கொப்பெயின் மிச்சமே. டேனிய மொழியில் சிலந்தியின் பெயர் இன்றும் எட்டர்கொப் என்பதை ஒத்தே உள்ளது.

சரி, கிஃப்டை இழந்த ஜெர்மானியர் பரிசுக்கு என்ன சொல்கிறார்கள்? காபெ என்ற பழைய சொல் இருக்கிறது. அது சற்று உயர்நடைக்குரியது. அன்றாட வழக்கில் உள்ளது கெஷெங்க். இது ஷெங்கென் என்ற வினையிலிருந்து வந்தது. அவ்வினையின் பழைய பொருள் "பானத்தை ஊற்றிக் கொடுத்தல்". அரசவையில் மன்னனுக்கு மது ஊற்றித் தருபவரின் பதவிப்பெயரிலும் இதே சொல் உண்டு. விருந்தினருக்கு ஊற்றிக் கொடுப்பதே முதன்மையான கொடை என்றிருந்த சமூகத்தில், ஊற்றுதல் என்பது பரிசளித்தல் என்று விரிந்தது. இதைப் பிரெஞ்சோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு கைமாற்று தெரியும். பிரெஞ்சில் "பானம்" நஞ்சாயிற்று. ஜெர்மனில் "கொடை" நஞ்சாயிற்று, "பானம் ஊற்றுவது" பரிசாயிற்று.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1924ஆம் ஆண்டு இந்தச் சொல்லை மட்டுமே பொருளாகக் கொண்டு சிறு கட்டுரை ஒன்று எழுதினார். அதன் தலைப்பே "கிஃப்ட், கிஃப்ட்" என்று இருமுறை அடுக்கியது. கொடை பற்றிய அவருடைய புகழ்பெற்ற நீண்ட ஆய்வுக்கு முன்னோடி அது. பழைய ஜெர்மானியச் சமூகங்களில் சேர்ந்து குடிப்பதும் பானம் வழங்குவதும் கொடையின் முதன்மை வடிவம். கிண்ணத்தில் இருப்பது நல்லதா, நஞ்சா என்ற ஐயம் குடிப்பவனுக்கு எப்போதும் இருந்திருக்கும். ஆகவே இரு பொருளும் ஒரு சொல்லில் சேர்ந்தது வியப்பன்று என்பது அவர் வாதம். கொடையை ஏற்றவன் கடன்பட்டவன் ஆகிறான், திருப்பிச் செய்யாவிட்டால் அக்கொடையே அவனைக் கெடுக்கும் என்றும் அவர் விரித்தார். டோசிஸ் விளக்கத்தை அவர் அறிந்திருந்தார். ஆனால் பொதுமக்கள் நாவில் புழங்கும் சொல்லுக்குப் புலவர்களின் மொழிபெயர்ப்பு மட்டும் போதுமான காரணமா என்று கேட்டார். சொற்பிறப்பு அகராதிகள் இன்று மருத்துவ விளக்கத்தையே தருகின்றன. மோஸின் கருத்து சொல்லின் தோற்றத்தைவிட, அச்சொல் அந்த இருமைப் பொருளோடு ஏன் நிலைத்தது என்பதை விளக்கவே கூடுதலாகப் பயன்படும்.

ஸ்காண்டிநேவிய மொழிகள்: கொடுக்கப்பட்டவள்

சுவீடியத்தில் யிஃப்ட் என்பது பெயர்ச்சொல்லாக வந்தால் நஞ்சு, பெயரடையாக வந்தால் மணமான. ஒலியிலும் எழுத்திலும் வேறுபாடு இல்லை. நார்வீஜியத்திலும் அப்படியே. டேனிய மொழியில் "கி" ஒலி மாறாமல் இருக்கிறது. பொருள் இரண்டும் உண்டு. மணமாகாதவரைச் சுவீடியர் ஊயிஃப்ட் என்பர். இதை "நஞ்சற்றவர்" என்றும் பிரித்துப் பார்க்கலாம் என்பதால், கல்யாணத்தை வைத்து அந்நாடுகளில் வழங்கும் நகைச்சுவைக்குக் குறைவில்லை.

இவ்விரண்டு பொருளில் மணம் என்பதே சொந்தச் சரக்கு. நஞ்சு வெளியிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் லூபெக் முதலான வட ஜெர்மனி நகரங்களின் ஹன்சா வணிகர்கள் ஸ்டாக்ஹோம், பெர்கன் போன்ற துறைமுகங்களில் பெருமளவில் வணிகம் செய்தனர், தங்கி வாழ்ந்தனர். அவர்களுடைய தாழ்ஜெர்மன் மொழியிலிருந்து ஏராளமான சொற்கள் ஸ்காண்டிநேவிய மொழிகளுக்குள் நுழைந்தன. நஞ்சு என்னும் பொருளும் ஜெர்மனிலிருந்தே வந்து, ஏற்கெனவே இருந்த சொல்லின்மேல் ஏறி அமர்ந்தது. அட்லாண்டிக் கடலில் தனித்திருந்த ஐஸ்லாந்து இத்தாக்கத்தை அவ்வளவாகப் பெறவில்லை. அங்கே நஞ்சுக்கு இன்றும் பழைய நோர்ஸ் சொல்லின் வழிவந்த எய்ட்டுர்தான் பெயர். கிஃப்ட் என்பது மணமானவள் என்று மட்டுமே பொருள்படும்.

"மணமான" என்னும் பொருள் எப்படி வந்தது என்பதுதான் இச்சொல்லின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய பகுதி. யிஃப்டா என்ற வினைக்குப் பழைய பொருள் "பெண்ணை மணம்செய்து கொடுத்தல்". அவ்வினையின் எச்சவடிவமே யிஃப்ட்; ஆகவே அதன் நேர்ப்பொருள் "கொடுக்கப்பட்ட". கொடுத்தவன் தந்தை அல்லது தமையன், கொடுக்கப்பட்டவள் பெண். இது வெறும் உருவகம் அன்று, சட்டமாகவே இருந்தது. 1734ஆம் ஆண்டின் சுவீடியச் சட்டத் தொகுப்பு திருமணப் பகுதியோடுதான் தொடங்குகிறது. அப்பகுதியின் பெயரிலேயே இச்சொல் இருந்தது. ஒரு பெண்ணை மணம்செய்து கொடுக்கும் உரிமை யாருக்கு என்று அது வரையறுத்தது. அவ்வுரிமை உடைய ஆணுக்கு யிஃப்டுமான், அதாவது "கொடுக்கும் ஆள்" என்று பெயர். பெண்கள் தம் திருமணத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையைப் படிப்படியாகப் பெற்றபின் யிஃப்டுமான் வழக்கொழிந்தான். 1987இல் இயற்றப்பட்ட புதிய திருமணச் சட்டத்தின் பெயரிலிருந்து இச்சொல்லும் நீங்கி, வேறு சொல் இடம்பெற்றது. ஆனால் மக்கள் பேச்சில் யிஃப்ட் மாறவில்லை. இன்று ஆணும் தன்னை யிஃப்ட் என்றே சொல்லிக்கொள்கிறான். பழைய பொருளின்படி பார்த்தால் அவனும் கொடுக்கப்பட்டவன்தான்.

பெண் கொடுப்பது, பெண் எடுப்பது என்று பேசும் தமிழருக்கு இது புதிதன்று. கொள்வினை கொடுப்பினை என்னும் தமிழ் வழக்கில் கொடுப்பினை என்பது பெண்ணை மணம்செய்து கொடுப்பதைக் குறிக்கிறது. "அதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும்" என்னும்போது அதே சொல் நற்பேற்றைக் குறிக்கிறது. பழைய நோர்ஸ் மொழியிலும் இதே நிகழ்ச்சி காணப்படுகிறது. அங்கே கிஃப்ட் என்பதற்குக் கொடை என்னும் பொருளோடு நல்லூழ் என்னும் பொருளும் உண்டு. ஐஸ்லாந்தியத்தில் கிஃப்டா என்றால் இன்றும் நற்பேறு. இரு மொழிகளுக்கும் உறவு கிடையாது. ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கவும் இல்லை. விதி தருவதையும் வீட்டார் பெண்ணைத் தருவதையும் "கொடுத்தல்" என்ற ஒரே வினையால் சொல்லும் எண்ணம் இரண்டு இடங்களிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

சுவீடிய எழுத்தாளர் ஆகஸ்ட் ஸ்டிரிண்ட்பர்க் 1884இல் திருமண வாழ்க்கையைப் பற்றிய சிறுகதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதன் பெயர் யிஃப்டாஸ், அதாவது "மணம் புரிதல்". அதிலிருந்த ஒரு பகுதி சமயத்தை இழிவுபடுத்துகிறது என்று அவர்மேல் ஸ்டாக்ஹோமில் வழக்குத் தொடரப்பட்டு, பின்னர் விடுதலை ஆனார். ஜெர்மன் மட்டும் தெரிந்தவர் அட்டையைப் பார்த்தால் நச்சுக் கொலை பற்றிய நூல் என்றே நினைத்திருப்பார்.

டச்சும் ஆஃப்ரிகான்சும்

டச்சு மொழி இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டு, அவற்றைப் பால் வேறுபாட்டால் பிரித்தது. பொதுப்பாலுக்குரிய "டெ" என்ற சுட்டோடு வந்தால் நன்கொடை. அஃறிணைக்குரிய "ஹெட்" என்ற சுட்டோடு வந்தால் நஞ்சு. குழப்பத்தைத் தவிர்க்கவோ என்னவோ, நஞ்சுக்கு ஈற்று எழுத்தை விட்ட ஹிஃப் என்ற வடிவமும், ஃபெர்ஹிஃப் என்ற வடிவமும் பெருவழக்காகிவிட்டன. அறநிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கான வருமானவரிச் சலுகையின் பெயரில் இன்றும் பழைய பொருள் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஹிஃப் என்றால் நஞ்சு மட்டும்தான்.

கற்பவர் கவனிக்க வேண்டியவை

பயணிக்கோ மாணவருக்கோ இதில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், புட்டிகளிலும் பெட்டிகளிலும் உள்ள எச்சரிக்கைகளில். ஜெர்மன், டச்சு, சுவீடியம், டேனியம், நார்வீஜியம் ஆகிய ஐந்திலும் "நச்சுத்தன்மை உடைய" என்பதற்குக் கிஃப்ட் என்பதோடு "இக்" என்ற விகுதி சேர்த்து ஒரே மாதிரி எழுதுவர் (சுவீடியத்தில் ஈற்றில் ஒரு "ட்" சேர்ந்தும் வரலாம்). ஆங்கிலம் மட்டும் அறிந்த கண்ணுக்கு அது பரிசுப்பொருள் போலத் தோன்றிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இயற்றிய வேதிப்பொருள் அடையாளச் சட்டத்தின்படி, விழுங்கினால் நஞ்சாகும் பொருளின் மேல் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் வரையப்பட்டிருக்கும். சொல் புரியாதபோது அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பரிசு வாங்க விரும்புபவர் ஜெர்மனியில் கெஷெங்க் என்றும், சுவீடனில் பிரசெண்ட் அல்லது கோவா என்றும், டென்மார்க்கில் காவெ என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு மறுதலையான தவறும் நேர்வதுண்டு. நஞ்சு என்று தெரிந்துகொண்டவர், பிறகு எங்கே இச்சொல்லைக் கண்டாலும் அஞ்சத் தொடங்குவார். சுவீடியத்தில் ஊட்யிஃப்ட் என்றால் செலவு ("வெளியே கொடுப்பது"). உப்யிஃப்ட் என்றால் மாணவருக்குத் தரப்படும் பயிற்சி, அல்லது தகவல். ஹெம்யிஃப்ட் என்றால் சீதனம். இவற்றில் எதிலும் நஞ்சு இல்லை, பழைய கொடைதான் இருக்கிறது. ஆவ்யிஃப்ட் என்றால் கட்டணம். ஆனால் ஆவ்யிஃப்டா என்று வினையாக நீண்டால், உடலிலிருந்து நஞ்சை அகற்றுதல், போதைப்பழக்கத்திலிருந்து மீட்டல் என்று பொருள் மாறிவிடும். சுவீடிய நகரங்களில் வண்டி நிறுத்தும் இடங்களில் உள்ள பலகைகளில் ஆவ்யிஃப்ட் என்ற சொல் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அங்கே வண்டியை நிறுத்துபவர் அருகிலுள்ள இயந்திரத்தில் பணம் கட்டினால் போதும்.